உன் அக்காவின் நாலாவது வேலை

ஜனவரி 12

சிட்டுக்கு,

ஆற்றுப் பாலத்தில் விரிசல் விழுந்து பஸ்களெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு போன வருஷம் உனக்கு நினைவிருக்கும். எங்கள் டிப்போவில் டயர் கிடங்கு தீப்பிடித்ததும் அதே வருஷம்தான். உனக்கு டெலிபோன் ஆபீஸ் வேலை நிரந்தரமானதும் அப்போதுதான். நீ கொடுத்த மிட்டாய்ப் பொட்டலத்தை டிப்போவுக்கு எடுத்துப் போய், புகை வாடையோடு எல்லோரும் தின்றோம். அந்த வருஷக் குளிரில்தான் உன் அக்கா மூன்று கைவேலையை ஒரே சமயத்தில் எடுத்துப் போட்டாள். அன்று பிடித்த பழக்கம். ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். மூன்றுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

நீ சௌக்கியமா? முழங்கால் எப்படி இருக்கிறது? மகளும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே நான் இருக்கிறேன். சளி விட்டது, இருமல் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது மாடி வீட்டுக் கண்டக்டர். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதும், போனில் காது கேட்காது என்பதும் உனக்குப் புதிதில்லை. ஆயுசெல்லாம் பஸ் சீட் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிய காது. டெலிபோன் ஆபீஸ்காரிக்கு இப்படி ஒரு அத்தான் வாய்த்தது உன் தலையெழுத்து.

உன் அக்கா கண்ணை மூடும்போது மூன்றும் பாதியில் நின்றன. என் சாம்பல் ஸ்வெட்டருக்கு ஒரு கை இல்லை. ஜன்னல் திரைக்குக் கீழ்ப்பாதி இல்லை. ஒட்டுப்போர்வைக்கு ஓரம் இல்லை. எது எதற்கு என்று உனக்குத் தெரியும், உங்கள் அம்மா வீட்டுப் பழக்கம்தானே. காத்திருக்கும் நேரத்துக்கு ஸ்வெட்டர். நான் டிப்போவிலிருந்து வரத் தாமதமானால் அதில் நாலு வரிசை ஏறியிருக்கும். மனசு குளிர்ந்திருந்தால் கொக்கி ஊசியும் ஜன்னல் திரையும். என்மேல் கோபம் என்றால் ஒட்டுப்போர்வை, அதற்குத்தானே கத்தரிக்கோல் வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே அவள் கையைப் பார்ப்பேன். போர்வை என்றால் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு தெரு நடந்துவிட்டு வருவேன். இந்த வீட்டில் போர்வை எத்தனை, திரை எத்தனை என்று பார்த்தாலே என் லட்சணம் தெரிந்துவிடும்.

இப்போது மூன்றையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். ரெக்சின் தைத்த கைக்குக் கம்பளி நூல் பிடிபடவில்லை. ஒன்றில் கை சலித்தால் இன்னொன்று. அதிலும் சலித்தால் அடுத்தது. பொழுது போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்

(கண்டக்டர் எழுதுவது: அம்மா, வணக்கம். டிக்கெட் கிழித்த கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கலாமே என்று நான் கேட்டேன். "நீ ஒரு பஸ்ஸுல ஒரு ஆளை மட்டும் ஏத்திட்டா போன?" என்கிறார். இதையும் எழுதச் சொன்னார்.)

*

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தானுக்கு,

சிட்டுவின் நமஸ்காரம். கடிதம் வந்தது. நான் சௌக்கியம். முழங்கால் எனக்கு முன்னால் எழுந்து நின்று குளிர் வந்துவிட்டது என்று சொல்கிறது, மற்றபடி குறையில்லை. மகளுக்குப் பள்ளிக்கூட வேலை ஜாஸ்தி. மாப்பிள்ளை உங்களை விசாரித்தார்.

ரெக்சின் தைத்த கையைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். கல்யாணமான புதிதில் என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருகிறேன் என்று பஸ் சீட்டுக்கு அடிக்கிற நூலில் தைத்துக் கொடுத்தவர்தானே நீங்கள். துணி கிழிந்தது, கொக்கி இன்னும் இருக்கிறது.

இருமலுக்கு டாக்டரிடம் போனீர்களா? கண்டக்டர் அய்யா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள், இவர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

அத்தான், ரயிலில் பாதி நாள் பயணம்தான். இங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது, வெயில் நன்றாக விழும். மூன்று மூட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எதை அதிகமாகக் கையில் எடுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதை வைத்து மிச்சத்தை நான் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு
சிட்டு

*

பிப்ரவரி 27

சிட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று கண்டக்டர் எழுதிவிட்டுத்தான் என் வாயைப் பார்க்கிறார். சரி, இருக்கட்டும். சாப்பிடுகிறேன். கண்டக்டரின் சம்சாரம் ஒரு பாத்திரம் கீழே அனுப்புகிறாள், உப்பு குறைவு. (கண்டக்டர்: டாக்டர் சொன்ன உப்பு அம்மா.)

ஸ்வெட்டரின் இடது கையை முழங்கை வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். பிறகு பார்த்தால், அவள் பின்னிய கை தளர்வாக இருக்கிறது, நான் பின்னியது இறுக்கமாக இருக்கிறது. சீட் உறையை இழுத்துக் கட்டிய புத்தி எங்கே போகும். பிரித்துவிட்டேன். திரையில் பூ வரவில்லை, எல்லாம் வண்டிச் சக்கரமாக வருகிறது. போர்வைக்கு ஓரம் வெட்டி வைத்தேன், தைக்கவில்லை. அதைத் தைக்கிற மாதிரி கோபம் எதுவும் இல்லை, யார்மேல் படுவது.

எதை அதிகம் எடுக்கிறேன் என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும்தான்.

அந்த அறையில் வெயில் விழுவது நல்லதுதான். இங்கே ஸ்வெட்டர் முடியட்டும், யோசிக்கலாம்.

உன் அத்தான்

*

மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் இருமல் நின்றதா?

பூ வர வேண்டுமானால் நடுவில் நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள். உங்களுக்கு எதையும் விட்டுப்பிடிக்கத் தெரியாது என்று அக்கா சொல்வது இதைத்தான். முதல் சுற்றில் ஆறு, அடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்று. வரைந்து அனுப்பியிருக்கிறேன், கண்டக்டர் அய்யா பார்த்துச் சொல்வார்.

ஸ்வெட்டர் முடியட்டும் என்று எழுதினீர்கள். பின்னுகிறீர்கள், பிரிக்கிறீர்கள். அது எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும் அத்தான். காத்திருக்கும் வேலையை ஏன் முடிக்க மனசு வரவில்லை என்பதும் தெரியும். அதற்குமேல் எழுதவில்லை, கண்டக்டர் அய்யா உரக்கப் படிப்பார்.

ரயிலில் இப்போது கூட்டம் இல்லை.

சிட்டு

*

ஏப்ரல் 21

சிட்டுக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? நான் நலம்.

ஹாலில் கிடக்கிற பஸ் சீட் உனக்குத் தெரியும். டிப்போவில் கழித்துக் கட்டிய இரட்டை சீட், நானே புது உறை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது. நீ வந்தால் ஜன்னல் பக்கம் எனக்கு என்று ஓடிப்போய் உட்காருவாய். போன வாரம் அதில் ஒரு ஸ்பிரிங் கத்த ஆரம்பித்தது. குப்புறப் போட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் என் தையல் இல்லை. என் தையலைப் பிரித்து, வரிசையாக அழுத்துப் பொத்தான் வைத்து, வெளியே தெரியாதபடி மூடியிருக்கிறது. பொத்தான் தைத்தது சாம்பல் கம்பளி நூலில், என் ஸ்வெட்டர் நூல்.

உள்ளே ஒரு சால்வை. அரக்கு நிறம். முக்கால்வாசி முடிந்திருக்கிறது. ஊசி இரண்டும் அதிலேயே குத்தியிருக்கின்றன.

இந்த வேலையை அவள் கையில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, சிட்டு. ஒரு நாளும். எனக்கு மறதி கிடையாது, உனக்கே தெரியும். எந்த வருஷம் எந்த பஸ்ஸில் எந்த சீட் கிழிந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அவள் போட்ட பின்னல் எல்லாம் பார்த்துப் பார்த்தே எனக்குத் தெரியும். இந்தப் பின்னல் தெரியவில்லை. இரண்டு வரிசை ஏற்றமாக வருகிறது, பிறகு கண்ணிகள் ஒன்றுமேல் ஒன்று ஏறி இடம் மாறுகின்றன. நான் போட்டால் குழம்புகிறது.

இதன் மேல் உட்கார்ந்துதான் நான் தினமும் டீ குடித்திருக்கிறேன்.

இது என்ன பின்னல், எதற்கு எடுப்பது, எப்படிப் போடுவது? கொஞ்சம் நூலை வெட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உடனே எழுது. மற்ற மூன்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

உன் அத்தான்

*

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. மகளுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, வீட்டில் எல்லாம் என் தலையில். முழங்காலுக்கும் ஊசி போட்டார்கள்.

நூலைப் பார்த்தேன். ஏதோ மிச்ச நூலில் அக்கா பின்னிப் பார்த்திருப்பாள். பெரிதாக யோசிக்காதீர்கள். வெயில் காலத்தில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடம்பு சூடாகும். திரையில் பூ வந்ததா?

சிட்டு

*

ஜூன் 20

சிட்டுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு ஊசி போட்டது குணம் தெரிகிறதா?

உன் கடிதத்தைக் கண்டக்டரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். பின்பக்கமும் திருப்பிக் காட்டினார்.

நீ வருஷத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவாய், குளிருக்கு முன்னால். சணல் கயிறு, மூலையில் உன் முடிச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மட்டும் இரண்டு வந்தது. இரண்டாவது கோடையில். அதை வாங்கி மேஜையில் வைத்தது நான். அன்றைக்குத்தான் கண்டக்டருக்குப் புது டிக்கெட் மெஷின் கொடுத்தார்கள். "ரிட்டயர் ஆகப் போற நேரத்துல இந்த எழவை என் கழுத்துல மாட்டுறானுங்க" என்று திட்டிக்கொண்டே படி ஏறினார். (கண்டக்டர்: உண்மைதான் அம்மா. நான் திட்டினது எனக்கே மறந்துபோச்சு.) உன் அக்கா பார்சலைப் பிரித்தாள். அரக்கு நூல். "கோடையில எதுக்கடி கம்பளி?" என்றேன். "சிட்டு தனக்கு வாங்கினதுல மிச்சம்" என்றாள். மிச்சமான நூலை யாரும் கட்டுப் பிரிக்காமல் அனுப்ப மாட்டார்கள். நூல்கண்டைச் சுற்றிய கடைக் காகித வளையம் அப்படியே இருந்தது. அப்போது நான் அதை யோசிக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். இப்போது யோசிக்கிறேன்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னது அதற்கு அடுத்த வருஷம், அவளால் எழுந்து நடக்க முடியாமல் போன பிறகு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோடையில் அந்த நூலை அனுப்பும்போதே உனக்குத் தெரியுமா?

அத்தான்

*

ஆகஸ்ட் 30

அத்தானுக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதம் என் மேஜை மேல் இத்தனை நாள் கிடந்தது. கண்டக்டர் அய்யா, இதைப் படிக்கும்போது கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

தெரியும், அத்தான்.

அக்கா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். உங்களிடம் துணிக்கடை என்று சொல்லிவிட்டுப் போனாள். பரிசோதனை முடிவு வந்த அன்று பொது டெலிபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். முதலிலிருந்து கடைசிவரைக்கும் சொன்னாள். நடுவில் அழவில்லை. பிறகு, "அரக்கு நூல் அனுப்பு, அம்மா போட்ட பின்னலை நான் போடப்போறேன்" என்றாள்.

அந்தப் பின்னல் உங்களுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. அது பயத்துக்கு. அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது அம்மா ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் போட்டாள். ஒவ்வொரு கண்ணியையும் எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. அதற்குத்தான் அது.

"அத்தான்கிட்ட சொல்லுக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சொன்னா அந்த மனுஷன் என்கூடச் சண்டை போடுறத நிறுத்திடுவாருடி. உப்பு இல்லேன்னா இல்லேன்னு சொல்லமாட்டாரு. நான் போர்வையை எடுத்தாலும் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடமாட்டாரு, பக்கத்துல வந்து உக்காந்து என் மூஞ்சியப் பாப்பாரு. அப்புறம் நான் யாரோட வாழறது?"

இன்னொன்றும் சொன்னாள். "அவரு கண்ணு என் கையிலதான் இருக்கும். இது கையில இருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவாரு. அவரு தேடாத இடமா ஒண்ணு சொல்லு." நான்தான் சொன்னேன், உங்களுக்கு அடியிலேயே வைக்கச் சொல்லி. அதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் டெலிபோனில் சிரித்தோம், அத்தான். அவள் நோயைப் பற்றிப் பேசிய நாட்களில் சிரித்தது அன்றைக்குத்தான்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவள் மறுபடி கேட்டாலும் நூல் அனுப்பத்தான் செய்வேன்.

சிட்டு

*

செப்டம்பர் 8

சிட்டுக்கு,

நலம்.

போர்வை முடிந்தது. நாலு ஓரமும் தைத்தாயிற்று.

அவள் உனக்கு அக்கா. எனக்கு யார் என்று ஒரு நிமிஷம் யோசித்து, என்னிடம் சொல்லியிருக்கலாம். என் வீட்டில், நான் தைத்த சீட்டில், நான் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடியில் வைத்துவிட்டு அக்காளும் தங்கையும் சிரித்திருக்கிறீர்கள். டெலிபோன் ஆபீஸில் ஊர் ரகசியத்தையெல்லாம் கேட்டு வாயை மூடிப் பழகியவள் நீ. அந்தப் பழக்கத்தை என் வீட்டுக்குள் கொண்டு வந்திருக்க வேண்டாம்.

அந்த அறையில் விழுகிற வெயிலில் துணி காயப்போடு.

நீயும் நலமாக இரு.

(கண்டக்டர்: அம்மா, கையெழுத்து இடத்தில் அத்தான் என்று போட வேண்டாம் என்கிறார். போடவில்லை. "கொஞ்சம் ஆறட்டும், நாளைக்கு அனுப்பலாம்" என்றேன். "நீ கண்டக்டர்தானே, டிரைவரா?" என்றார். அனுப்புகிறேன்.)

*

செப்டம்பர் 19

அத்தானுக்கு,

போர்வை முடிந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி போதும், மிச்சத்தை எழுதாமலே விட்டிருக்கலாம்.

ஜனவரியிலும் ஜூனிலும் என் முழங்காலை விசாரித்தீர்கள். என் கையில் என்ன வேலை இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கவில்லை. நானும் அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தான். கேட்காததால் நானே சொல்கிறேன். ஒன்றும் இல்லை. அக்கா போன அன்றிலிருந்து நான் ஊசியைத் தொடவில்லை. எதை எடுத்தாலும் அது என்ன என்று கேட்க ஆள் இல்லை. நீங்கள் மூன்றையும் மாற்றி மாற்றி எடுக்கிறீர்கள் என்று படிக்கும்போது பொறாமையாக இருந்தது.

உங்களுக்குப் பதில் போட மனசு வராவிட்டால் போட வேண்டாம். குளிர் வருகிறது. போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், அது அதற்குத்தான்.

சிட்டு

*

நவம்பர் 14

அம்மாவுக்கு,

மாடி வீட்டுக் கண்டக்டர் எழுதுவது. நலம். பெரியவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவர் சொல்லாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் "மடிச்சு வை" என்றார். பதில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் தபால்காரர் மணி அடித்தால் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுகிறார், காது கேட்காதவர். மணி எப்படிக் கேட்கிறது என்று தெரியவில்லை.

ஸ்வெட்டர் கை முடிந்துவிட்டது அம்மா. பிரிக்கவில்லை. "யாருக்குக் காத்துக்கிட்டு பின்னுனீங்க?" என்று விளையாட்டாகக் கேட்டேன். முறைத்தார்.

இப்போது அந்த அரக்குச் சால்வையைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாய்விட்டு எண்ணுகிறார். பாதியில் நின்றுவிடுகிறது. பிரிக்கிறார். மறுபடி எண்ணுகிறார். வேலை தெரிந்த மனுஷன், கைவராத வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. இருமல் கூடியிருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இவர் உங்களிடம் சொல்ல மாட்டார் என்றுதான் நான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் நேராக அந்தச் சால்வையைத்தான் எடுத்தார்.

எனக்கு இந்த வேலைப்பாட்டின் அர்த்தமெல்லாம் தெரியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
கண்டக்டர்

*

டிசம்பர் 2

சிட்டுக்கு,

நீயும் வீட்டாரும் சௌக்கியமா? உன் முழங்காலை இந்தத் தடவை கேட்கவில்லை.

உன் கடிதம் ஒரு வரி விடாமல் நினைவில் இருக்கிறது. கண்டக்டர் திருட்டுத்தனமாக உனக்கு எழுதியதும் தெரியும். அவர் வீட்டில் தபால்தலை வாங்கினால் தெரு முழுக்கத் தெரியும். (கண்டக்டர்: நான் என்னத்தைச் சொல்ல.)

உன் அக்கா சொன்னதாக எழுதினாயே, சொன்னால் நான் சண்டை போடுவதை நிறுத்திவிடுவேன் என்று. சரிதான். நிறுத்தியிருப்பேன். போன வருஷம் கோடையில் ஒரு நாள் குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு, "இத மனுஷன் திம்பானா?" என்று கேட்டேன். அவள் போர்வையை எடுத்து, கத்தரிக்கோலைத் தேடு தேடு என்று தேடினாள். நான் செருப்பை மாட்டினேன். திரும்பி வரும்போது கதவுப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சிரிப்பு என்று அப்போது விளங்கவில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்திருக்கிறது. நல்லவேளை, எனக்குத் தெரியாமல் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாசம் ஆயிற்று.

போர்வை முடிந்தது உன்னால். ஸ்வெட்டர் முடிந்ததும் உன்னால்தான், உன் பதில் வராத நாட்களில் கை சும்மா இருக்கவில்லை. போட்டுப் பார்த்தேன், இடது கை இறுக்கம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். திரை அப்படியே கிடக்கிறது. சால்வை வரவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் நினைக்க முடியாது என்று எழுதினாய். எனக்கு நடுவில் நினைப்பு வந்துவிடுகிறது, எண்ணிக்கை போய்விடுகிறது. படம் எடுக்கிற இடத்தில் சட்டையைக் கழற்றி நிற்கச் சொன்னார்கள். முடிவு இன்னும் வரவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைக்கப் போவதில்லை. ஒளிக்க இந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வா. கண்டக்டர் ஸ்டேஷனுக்கு வருவார். ஜன்னல் பக்க சீட் உனக்குத்தான், ஸ்பிரிங் மாற்றிவிட்டேன். வரும்போது உன் ஊசியைக் கொண்டு வா. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணு, நான் போடுகிறேன். நான் எண்ணுகிறேன், நீ போடு. எப்படியாவது ஆகட்டும். உன் கையில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

உன் அக்காவின் கையைப் பார்த்து மனசைப் படிக்கத் தெரிந்தவர்களை நேற்று நினைத்துப் பார்த்தேன். உங்கள் அம்மா, அவள் போனது மாடி பஸ்களை நிறுத்திய வருஷம். பக்கத்து வீட்டுப் போர்மேன் பெண்சாதி, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னைக்குப் போர்வையா? அப்ப நாளைக்கு வரேன்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். அவள் போனது பெரிய வேலைநிறுத்தம் நடந்த வருஷம், பாடையைத் தூக்க ஆள் மட்டும் குறைவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரம்மா, தெருவில் தண்ணீர் புகுந்த வருஷம். உன் வீட்டுக்காரர், என் சகலை, திரையைப் பார்த்தால் மட்டும் வீட்டுக்குள் நுழைகிற கெட்டிக்காரர், அவரும் டிப்போவைப் புது இடத்துக்கு மாற்றிய வருஷம் போய்விட்டார். பிறகு அவளே போய்விட்டாள்.

இப்போது என் கையில் அரக்குச் சால்வை இருக்கிறது. தபால்காரர் பார்த்தால் அவருக்கு அது வெறும் கம்பளி. கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார், அவருக்கும் அது கம்பளிதான். இதைப் பார்த்தவுடன் எனக்கு என்ன என்று சொல்லத் தெரிந்த ஆள் உயிரோடு இருப்பது ஒருத்திதான். நீதான்,

சிட்டு.